மாமியார் வந்தாளா?

நனைத்த துணியால் அவள் தன் அண்ணனின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, உள்ளங்கையை மோந்து பார்த்தார்.

“சோப்பு போட்டும் போகல பாரு. திரும்ப மீன் போட ஆரம்பிச்சிட்டியா?”

கையை இழுத்துக்கொள்ளத் தோன்றியது. இழுக்கவில்லை.

இருபது வருடம், சுற்றுலா வந்தவர்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்ச் சுறா காட்டியவர் அண்ணன். படகு ஓட்டியது அவள். மீன் துண்டு வாளியோடு அவர் இறங்கினால் சுறாக்கள் கையிலிருந்தே வாங்கித் தின்னும். நாலு வருடத்துக்கு முன் ஒரு பெண் சும்மா வெறுங்கையை நீட்டினாள். இரண்டு விரல் போயிற்று. “அது மேல தப்பில்ல. கைன்னா சாப்பாடுன்னு பழக்கினவன் நான்தானே” என்று அன்றோடு வாளியைத் தொடாமல் விட்டார். பிறகு நுரையீரல் கெட்டுப் படுக்கையில் விழுந்தார். சுறாவைப் பார்க்காமல் திரும்பியவர்கள் மறுபடி வரவில்லை. அவரிடம் சொல்லாமல் அவளே வாளியோடு இறங்கினாள்.

“ஆமாண்ணா. கண்ணால பாத்துட்டுப் போறவங்கதான் அதைக் கொல்லாதீங்கன்னு நாலு பேர்கிட்ட சொல்றாங்க. பாக்காதவங்களுக்கு என்ன அக்கறை?”

“அதுவும் சரிதான்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “ஆனா எஞ்சின் சத்தம் கேட்டாலே ஓடி வருதுங்க. வலை போடுற படகுக்கும் அதே சத்தந்தாம்மா.”

அவள் துணியை மடித்துத் திருப்பிப் பிடித்தாள்.

“சரி, மாமியார் வந்தாளா?”

தினமும் கேட்பதுதான். கூட்டத்திலேயே பெரிய சுறாவுக்கு அவர் வைத்த பெயர் அது. வந்ததும் ஒவ்வொருவரையும் சுற்றிவந்து குற்றம் கண்டுபிடிப்பதுபோல் பார்க்குமாம்.

“வந்தா. என்னை ஏற இறங்கப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனா.”

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

மதியம் மூன்று மணிக்குத் தலையணையைச் சரிசெய்யக் குனிந்தபோது மூச்சு நின்றிருந்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகும் படகு மெக்கானிக் வாசலிலேயே நின்றான்.

“அக்கா, மாமியாரை வலையில பிடிச்சு மீன் இறக்குற இடத்துல தொங்கவிட்டிருந்தாங்கல்ல, மூணு மாசம் முன்னாடி? அன்னைக்கே அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்.”

“அவருக்குத் தெரியுமா?”

“தெரியும். ‘எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதடா, எனக்காகத்தான் பொய் சொல்றா’ன்னாரு. நீங்க சொல்றதைக் கேக்கறது அவருக்குப் பிடிச்சிருந்துதுக்கா.”



பத்து நாள் கழித்து சுறா பார்க்க நான்கு பேர் வந்தார்கள். “மீன் போட மாட்டோம். ஒண்ணுமே வராமலும் போகலாம். சரின்னா ஏறுங்க” என்றாள். இரண்டு பேர் திரும்பிப் போனார்கள். மெக்கானிக்கைப் படகில் விட்டுவிட்டு மற்ற இருவரோடும் இறங்கினாள்.

எஞ்சின் சத்தத்துக்குப் பழகிய சுறாக்கள் ஆறேழு வந்துவிட்டன. கைகளை மடக்கி அக்குளுக்குள் வைத்துக்கொண்டு கடலடி மணலில் மண்டியிட்டாள். இருவரும் அவளைப் பார்த்து அப்படியே செய்தார்கள். சுறாக்கள் சுற்றின, மறுபடி சுற்றின, ஒவ்வொன்றாக விலகின. ஒரு குட்டி மட்டும் அவள் முழங்கையருகே மூக்கைக் கொண்டுவந்து காத்திருந்தது. அவள் அசையவில்லை. கடைசியில் அதுவும் வாலை ஒருமுறை வீசி, ஆழமான பக்கம் போயிற்று.