ஆட்சேபணைக்குப் பதினைந்து நாள்

நான் சட்டத்தை மீறியவன் இல்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நகராட்சியில் லைசென்ஸ் பிரிவு எழுத்தராக இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். மோட்டார் ஓடுகிற கடை எதுவானாலும் வருஷத்துக்கு ஒருமுறை இந்தக் குமரகுருபரன் மேஜைக்கு வந்தே ஆக வேண்டும். மார்ச் முப்பத்தொன்றோடு லைசென்ஸ் முடியும். அதற்கு முப்பது நாள் முன்பே புதுப்பிக்க மனு கொடுக்க வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் வாங்க மாட்டேன்.

மாவு மில் சேக் முகம்மதுவை எனக்குப் பிடிக்காது. ஒரு வருஷம் அவர் மனுவை நாலு தடவை திருப்பி அனுப்பினேன். ஐந்தாவது தடவை, வரிசையில் இருபது பேர் நிற்கையில், "என்ன கொறைன்னு எழுதித் தாங்க சார்" என்றார். உள்ளே இருந்த ஆணையருக்குக் கேட்டுவிட்டது. குறை ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் எனக்கு மெமோ கொடுத்தார். வரிசையில் நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

தொண்ணூற்றெட்டு பிப்ரவரி முதல் வாரத்தில் சேக் முகம்மது மாரடைப்பில் இறந்துபோனார். மனைவி சுபைதா பேகம், பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். இருவருக்கும் அந்த மில்தான் சோறு. ஆனால் லைசென்ஸ் என்பது ஆளோடு போகிற சமாச்சாரம். வாரிசு யாரோ அவர் மனு கொடுத்துத் தன் பெயருக்கு வாங்கிக்கொள்ள வேண்டும்.

பிப்ரவரி இருபத்தாறாம் தேதி மனுவோடு வந்தவர் சேக் முகம்மதுவின் தம்பி பாவா. மில் கட்டடத்தின் வரி ரசீது இன்னும் அவர்களுடைய அப்பா பெயரில்தான் இருந்தது. அந்த ரசீதை வைத்துத் தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டிருந்தார்.

"ஒங்க மைனி சுபைதா பேகத்துக்குத் தெரியுமாவே?" என்று கேட்டேன்.

"அவ்வொ இத்தாவுல இருக்காவ. புருஷன் போனா நாலு மாசம் பத்து நாளு வீட்டை விட்டு வெளிய வரப்பிடாது. நாமளாப் பாத்துச் செஞ்சாத்தான் உண்டு, சார்" என்றார்.

செத்தவர் முகம் ஞாபகம் வந்தது. மனுவை வாங்கிப் பதிவேட்டில் ஏற்றினேன்.

அன்று சாயங்காலம் பாவாவே என்னைத் துக்கம் கேட்க அழைத்துப் போனார். சுபைதா பேகம் கதவுக்குப் பின்னால் இருந்து பேசினாள். முகம் தெரியவில்லை. டீ வந்தது. சீனி போதவில்லை என்றேன், இன்னொரு கரண்டி போட்டு வந்தது.

"லைசென்சு புதுப்பிக்கணுமே சார், நான் என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

என் பையில் பாவாவின் மனு இருந்தது. பக்கத்தில் பாவா இருந்தார். "கவலைப்படாதம்மா. மொதல்ல இத்தாவ முடி. பைய பாத்துக்கிடலாம்" என்றேன். அதைச் சொல்லும்போது மனதுக்குள் ஒரு குளிர்ச்சி இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, இருந்தது.

மறுநாள் சட்டப்படி மில் கதவில் அறிவிப்பு ஒட்டச் சொன்னேன். 'மேற்படி லைசென்ஸ் வழங்க ஆட்சேபணை உள்ளவர்கள் பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.' அவள் வீட்டிலிருந்து மில் இருபதடி. மோட்டார் சத்தம் அவளுக்குக் கேட்கும், கதவு தெரியாது. மூன்றாம் நாள் நான் மிளகாய் திரிக்கப் போனபோது தவிட்டு மூட்டைகளை அறிவிப்பை மறைத்து அடுக்கியிருந்தார்கள். திரித்த பொடியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பதினைந்து நாளில் ஒரு ஆட்சேபணையும் வரவில்லை. மார்ச் கடைசியில் பாவா பெயருக்கு உத்தரவு போனது. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முப்பது நாள். அதுவும் ஏப்ரலோடு தீர்ந்தது.

ஜூன் நடுவில் சுபைதா பேகம் ஆபீசுக்கு வந்தாள். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்க்கிறேன். புருஷனுடைய பழைய லைசென்சைப் பிளாஸ்டிக் பையில் போட்டு நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

"பைய பாத்துக்கிடலாம்னு சொன்னிய. நேத்தோட இத்தா முடிஞ்சிட்டு, வந்துட்டேன்."

லைசென்ஸ் பாவா பெயருக்குப் போய்விட்டதையும் அதற்கான விதிகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். முப்பது நாள், பதினைந்து நாள், மறுபடி முப்பது நாள். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"என் கொழுந்தன் மனுவ என்னைக்கு வாங்குனிய?"

பதிவேட்டைத் திருப்பிக் காட்டினேன். விரலை வைத்துத் தேதியைப் படித்தாள்.

"அன்னைக்குத்தான் எங்க வீட்டுக்கு வந்திய. சீனி பத்தலன்னு கேட்டிய."

நான் பதிவேட்டை மூடினேன்.

"இங்க வாரதுக்கு முன்ன, இத்தா முடிஞ்சிட்டான்னு பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட ஆளனுப்பிக் கேட்டேன். தேவைன்னா இத்தாவுலயும் பகல்ல போயிட்டு வந்திரலாமாம். எனக்குத் தேவை வந்திருக்குன்னுதான் ஒருத்தரும் சொல்லல, சார்."

பையை மடித்துக்கொண்டு போய்விட்டாள். கத்தவில்லை, அழவில்லை. மனு எழுதித் தரச் சொல்லிக் கேட்டிருந்தால் நானே எழுதித் தந்திருப்பேன் என்று அன்றைக்கு முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுவாரம் மில்லில் காசு வாங்குகிற ஸ்டூலில் பாவாவின் மனைவி உட்கார்ந்துவிட்டாள்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மில்லில் திரித்தால் மிளகாய் கருகுகிறது, கையால் இடிக்க ஆள் சொல்லியிருக்கிறேன் என்றாள் என் மனைவி. உலக்கையோடு வாசலில் வந்து நின்றது சுபைதா பேகம். இன்னார் வீடு என்று அவளுக்கும் தெரியாது போலிருக்கிறது. என்னைப் பார்த்ததும் உலக்கையைச் சுவரில் சாய்த்தாள்.

"ஒலக்கைக்கும் லைசென்சு வேணுமா, சார்?"

"மோட்டார் வச்சாத்தாம்மா வேணும். இதுக்கு வேண்டாம்."

"எழுதித் தாங்க."

என் மனைவி விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். மகன் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து எழுதினேன். தேதி போட்டேன், கையெழுத்தும் போட்டேன். அவள் வாங்கி நிதானமாக இரண்டு தடவை படித்தாள்.

"சீலு இல்லையே."

"அது ஆபீஸ்ல இருக்கு."

"அப்பம் சீல் வச்சிட்டுச் சொல்லி அனுப்புங்க. பொறவு வந்து இடிக்கேன்."

தாளை என் கையிலேயே கொடுத்துவிட்டு உலக்கையைத் தோளில் தூக்கிக்கொண்டாள். அன்றைய கூலி போனது அவளுக்குத்தான். அது தெரிந்துதான் போனாள். மறுநாள் ஆபீசில் சீலை எடுத்து அந்தத் தாளில் வைத்தேன். வாங்கிப் போக அவள் வரவே இல்லை.