கலைமணி நிறுத்திய மாத்திரை

மருத்துவர் தேவிப்ரியா சொன்னதைக் கேட்டதும் கைலாசம் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். நோயாளியான அவர் மனைவி தெய்வநாயகிக்கோ பயம்தான் வந்தது.

"உங்க ரத்தப் புற்றுநோயோட தடயமே டெஸ்ட்ல பல வருஷமாத் தெரியலைங்க. மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம். ஆனா மாசாமாசம் டெஸ்ட் எடுக்கணும்."

"கலைமணியும் நிறுத்துனாளுங்க, டாக்டரம்மா," என்றாள் தெய்வநாயகி.

கலைமணி கெங்கவல்லிக்காரி. இதே சேலம் ஆஸ்பத்திரியில், இதே நோயோடு, தெய்வநாயகிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். இருவருக்கும் மண்ணீரல் வீங்கி இடது வயிறு கல்லாகக் கிடந்தது. தினம் ஒரு மாத்திரை இருவரையும் எழுப்பி நடமாட விட்டது.

"நல்லாத்தான இருக்கேன்க்கா. படுத்தா கெண்டைக்கால் இழுக்குது. இது எதுக்கு இன்னும்?" என்று ஒருமுறை சலித்துக்கொண்ட கலைமணி, மருத்துவரைக் கேட்காமலே நிறுத்திவிட்டாள். அடுத்த வருஷம் காய்ச்சலும் ஈறில் ரத்தமுமாக வந்து சேர்ந்தாள். நோய் முற்றியிருந்தது, பழைய மாத்திரைக்கு அடங்கவில்லை. சாவதற்கு முன் தெய்வநாயகியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை விட்டுட்டுப் போயிடாதக்கா" என்றாள். அந்தப் பிடி போகவே இல்லை. வேலை பார்க்கும் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும்போது சட்டென்று இறுகும். திரும்பினால் யாரும் இருக்க மாட்டார்கள்.

"அவங்க டெஸ்ட்டே எடுக்காம நிறுத்துனாங்க," என்றார் தேவிப்ரியா. "நிறுத்துனா ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்பும். உடனே கண்டுபிடிச்சு மாத்திரையை ஆரம்பிச்சா பெரும்பாலும் அடங்கிரும்."

தெய்வநாயகி நிறுத்தினாள். சில வாரங்களில் தோளும் இடுப்பும் குடைய ஆரம்பித்தன. புதுச்சத்திரம் வீட்டில் கட்டிலை விட்டு எழ முடியாமல், "ஏனுங்க, அவ எம்மேல ஏறிட்டாளுங்க," என்று அழுதாள். நிறுத்தினால் சிலருக்கு இப்படி வலிக்கும், தானே குறையும் என்று தேவிப்ரியா போனில் சொன்னார். வலி குறைந்தது. பயம் குறையவில்லை.

ஐந்தாம் மாதப் பரிசோதனையில் நோய் தலைகாட்டியது. உடனே மாத்திரையைத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு தெய்வநாயகி பல் துலக்கும்போதெல்லாம் எச்சிலில் சிவப்பு தெரிகிறதா என்று பார்த்தாள்.

நோய் மறுபடி அடங்கிவிட்டது என்று முடிவு வந்த அன்று, பஸ்ஸில் கைலாசம் அவளுக்கு ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தார்.

"ஆயுசுக்கும் போட்டாலும் போட்டுக்கலாம் புள்ள. உசுரோட இருக்கற, அது போதும்."

வெளியே மரவள்ளிக்கிழங்குக் காடுகள் ஓடின.

"ஒரு டெஸ்ட்டுங்க," என்றாள். "வந்து ஒரு டெஸ்ட் எடுத்திருந்தா அவளும் இருந்திருப்பாளுங்க."

சொல்லும்போதே அழுதுவிட்டாள். ஆண்டகளூர் கேட் நிறுத்தம் தாண்டியும் அவள் அழுகை நிற்கவில்லை.