நான் குதித்த விமானம்

என் அக்காவின் கணவர் தச்சர். கட்டில், மேஜை, கதவு செய்கிறவர். 'மில்லிமீட்டர்' என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். செய்து கொடுத்த அலமாரியின் கதவு இம்மி சாய்ந்திருந்தாலும், வீட்டுக்காரர் கண்ணில் படுவதற்குள் தானே கழற்றிக்கொண்டு வந்துவிடுவார். அப்படிப்பட்ட மனுஷன் ஆறு வருஷம் பட்டறையின் பின்பாதியில் மெனக்கெட்டு, மரச்சட்டமும் துணியுமாக, ஒரே ஒருவர் உட்காரும் திறந்த விமானம் ஒன்றைக் கட்டி முடித்தார்.

புது விமானத்தை முதன்முதலில் மேலே கொண்டுபோய்ச் சோதிக்கிற வேலை எனக்கு வந்தது. வயல்களுக்கு மருந்து தெளிக்கும் விமானத்தைப் பதினான்கு வருஷமாக ஓட்டுகிறவன் நான்.

பாராசூட் அக்காவின் பிடிவாதம்.

"அது இல்லாம என் தம்பி இதுல ஏறக் கூடாது."

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. "நான் செஞ்ச நாற்காலில உக்கார்றவங்கல்லாம் ஹெல்மெட்டா போட்டுக்கறாங்க?"

"நாற்காலி மூவாயிரம் அடி உசரத்துலயா கெடக்கு?"

மாமா திருப்புளியை எடுத்தார். முதுகில் கட்டும் பாராசூட்டுக்கு இடம் வேண்டுமே என்று இருக்கையின் சாய்வுப் பலகையைக் கழற்றி, இரண்டு அங்குலம் பின்னால் தள்ளிப் பொருத்தினார். அவருக்குள் அது ஓர் அவமானமாக இறங்கியது எனக்குத் தெரியும்.

முதல் இரண்டு தடவையும் விமானம் சொன்னபடி கேட்டது. மூன்றாவது தடவை காலையில் விமான கிளப் ஆட்கள் இருபது பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். ஆளாளுக்குப் போட்டோ எடுத்தார்கள். பாராசூட்டின் பட்டைகள் இரண்டு தொடையையும் சுற்றி வந்து இறுகும். இறுக்கியபின் மிஞ்சுகிற நுனியை மடித்து ரப்பர் வளையத்துக்குள் சொருக வேண்டும். அன்றைக்கு நான் இறுக்கினேன். சொருகினேனா என்று பார்க்கவில்லை. பேச்சும் சிரிப்புமாக ஏறி உட்கார்ந்து, கையை ஆட்டிவிட்டுக் கிளம்பினேன்.

மூவாயிரத்து ஐநூறு அடியில் இடப்பக்கம் சரித்துத் திரும்பினேன். திரும்ப நேராக்க, காலுக்கு நடுவில் நிற்கும் ஸ்டிக்கை, அதுதான் விமானத்தைத் திருப்பும் பிடி, வலப்பக்கம் தள்ளினால், வரவில்லை. இரண்டு கையாலும் தள்ளினேன். பாறையில் நட்டுவைத்த மாதிரி நின்றது. இன்ஜின் வேகத்தைக் குறைத்தேன். மூக்கு தாழ்ந்து, விமானம் வட்டமடித்துக்கொண்டே இறங்கியது. இரண்டாயிரம் அடிக்கு இறங்குவதற்குள் சரியாகவில்லையென்றால் குதித்துவிட வேண்டும் என்று தரையிலேயே பேசி முடிவு செய்திருந்தோம். உயரம் காட்டும் முள் இரண்டாயிரத்தைத் தொட்டது. இடுப்பு பெல்ட்டை அவிழ்த்து எழுந்தேன். வலது தொடையை ஏதோ பிடித்து இழுத்தது. வெறி பிடித்தவன்போல் உதறினேன். விட்டது. வெளியே விழுந்தேன்.

பாராசூட் விரிந்து, மூச்சு திரும்பி வந்ததும் கீழே பார்த்தேன். ஆளில்லாத அந்த விமானம் இறக்கைகளை நேராக்கிக்கொண்டு, யாரோ நிதானமான ஆள் உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிற மாதிரி, மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு மேய்ச்சல் வெளியில் தரையைத் தொட்டு, கொஞ்ச தூரம் ஓடி, ஒரு பள்ளத்தில் மூக்கைக் குத்தி நின்றது. ஒரு சக்கரம் போனது, முன்விசிறி போனது. வேறு சேதமில்லை.

நான் உழுது போட்டிருந்த நிலத்தில் இறங்கினேன். பாராசூட்டைச் சுருட்டும்போதுதான் வலது தொடைப் பட்டையின் நுனியைப் பார்த்தேன். ஒரு சாண் நீளம் வெளியே தொங்கியது. நுனி நசுங்கிப் பிசிறடித்திருந்தது. அதன்மேல் கருப்பாக கிரீஸ். காலுக்கு நடுவில், ஸ்டிக்கின் அடி மூட்டில் தவிர வேறெங்கும் அந்த கிரீஸ் கிடையாது.

புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. விமானத்தில் கோளாறே இல்லை. என் பட்டைதான் மூட்டுக்குள் புகுந்து சிக்கியிருக்கிறது. நான் எழுந்து உதறியதும் பட்டை கழன்றது, விமானம் தன் புத்திக்குத் திரும்பிவிட்டது.

மாமா வரப்பில் விழுந்தடித்து ஓடி வந்தார்.

"மாப்ளே! கை காலெல்லாம் ஒழுங்கா இருக்கா?"

"இருக்கு மாமா."

"அது போதும்டா. விமானத்தைக் கழுதை தின்னட்டும்." என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். பிறகு கேட்டார், "என்னடா ஆச்சு?"

"ஸ்டிக் இறுகிடுச்சு மாமா."

பொய் இல்லை. ஆனால் சொல்லும்போதே பட்டையின் நுனியைத் துணிக்குள் வைத்துச் சுருட்டினேன். மறுநாள் விசாரிக்க வந்த அதிகாரி, "பட்டையெல்லாம் சரியா கட்டியிருந்தீங்களா?" என்று கேட்டார். "சரியாத்தான் கட்டியிருந்தேன்" என்றேன். அது சுத்தப் பொய். காரணம் தெரியவில்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

மூன்று வாரம் மாமா அந்த விமானத்தை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்த்தார். ஒவ்வொரு கம்பியையும் கீலையும் வெள்ளைத் துணியில் பரப்பி, பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு குனிந்திருந்தார். நான் போனால், "வா மாப்ளே, இதைக் கொஞ்சம் பாரு. என் கண்ணுக்கு ஒண்ணும் படமாட்டேங்குது" என்பார். நானும் குனிந்து பார்ப்பதுபோல் நடிப்பேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, எரிந்தது.

ஒரு நாள் அக்கா சொன்னாள்: "பள்ளிக்கூடத்துக்குச் செஞ்சு குடுத்த பெஞ்சையெல்லாம் மறுபடி போய் ஆட்டி ஆட்டிப் பாத்துட்டு வந்திருக்காருடா. அவர் கைமேலயே அவருக்குச் சந்தேகம் வந்துடுச்சு."

வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளப்பில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். சோதனைப் பறப்பில் பாராசூட் ஏன் கட்ட வேண்டும் என்று பேச வேண்டும். பேசினேன். எந்த உயரத்தில் முடிவெடுப்பது, எப்படி வெளியேறுவது, எல்லாம் சொன்னேன். கை தட்டினார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் கடைசி வரிசையிலிருந்து மாமா எழுந்தார்.

"நான் செஞ்சதுலதான் தப்பு. எங்கன்னு கண்டுபிடிக்க முடியலை. என் மாப்பிள்ளை உயிரோட நிக்கறான்னா அந்த பாராசூட்டாலதான். அது வேணாம்னு சொன்னவன் நான். விமானத்தோட சட்டத்தை அறுத்துடப் போறேன். எனக்கு இந்த வேலை ஆகாது."

மைக் என் கையில்தான் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம். சொல்லியிருக்கலாம். தலையைக் குனிந்துகொண்டு மேடையை விட்டு இறங்கினேன். அந்த இருபது அடி நடையை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்போல இருக்கிறது.

மத்தியானம் பட்டறைக்குப் போனேன். இறக்கைச் சட்டத்தின்மேல் பென்சிலால் கோடு போட்டு, ரம்பத்தை எடுத்திருந்தார்.

"மாமா, அறுக்காதீங்க. தப்பு உங்களோடது இல்ல. என்னோடது."

பாராசூட்டை மேஜைமேல் வைத்துப் பட்டையைக் காட்டினேன். எடுத்துப் பார்த்தார். பிரித்துப் போட்டிருந்த ஸ்டிக்கை மறுபடி மூட்டில் மாட்டி, பாராசூட்டைக் கட்டிக்கொண்டு விமானத்தின் இருக்கையில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். பட்டையின் நுனியைத் தொங்கவிட்டு, ஸ்டிக்கை இடமும் வலமும் ஆட்டினார். நாலாவது தடவை பட்டை மூட்டுக்குள் போய் இறுகியது. ஸ்டிக் அசையவில்லை.

பட்டையை விரலால் நெம்பி எடுத்தார்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"அன்னிக்கே."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர், "அந்த மூட்டு மேல நான் ஒரு தோல் உறை போட்டிருக்கணும்" என்றார், அவ்வளவுதான். அதுதான் என்னை முறித்துப்போட்டது. என் குற்றத்திலும் தனக்கொரு பங்கு தேடுகிற மனுஷனை மூன்று வாரம் வேக விட்டிருக்கிறேன்.

வாசலில் நின்ற அக்கா எல்லாம் கேட்டுவிட்டாள். "பாராசூட் போடுன்னு சொன்னேன். உண்மையைப் பேசுன்னும் உனக்குச் சொல்லித் தரணுமாடா?" என்றாள். இரண்டு மாதம் என் போனை எடுக்கவில்லை.

அதிகாரிக்கு எழுதிக் கொடுத்தேன். கிளப்பிலும் அதே மேடையில் ஏறிச் சொன்னேன். இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை.

விமானம் புதுச் சக்கரமும் புது விசிறியுமாகத் தயாரானபோது, ஓட்டுவதற்கு விமானப் பயிற்சிப் பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியையை மாமா அழைத்திருந்தார். என்னைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. "நீ தீயணைக்கற சிலிண்டரைப் பிடிச்சுக்கிட்டு ஓரமா நில்லு மாப்ளே" என்றார். குரலில் கோபமில்லை.

நாற்பது நிமிஷம் பறந்து, பூப்போல இறங்கினாள் அந்தப் பெண். எல்லோரும் விமானத்தைப் பார்த்து ஓடினார்கள். அக்காவும் ஓடினாள். ஓடுவதற்கு எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியாமல், சிலிண்டரை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றேன்.