மூடி கூரைமேல் இருந்தது

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. ஏதோ ஒரு பாராட்டு விழா. ஒருவர் மைக்கை விடாமல் பிடித்துக்கொண்டு, "தாய் ஒரு மெழுகுவர்த்தி! தன்னை உருக்கி நமக்கு வெளிச்சம் தருகிறாள்!" என்றார். ஒரே கைத்தட்டல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெழுகு யாருக்காகவும் உருகுவதில்லை ஐயா. சூடு பட்டால் உருகும், அவ்வளவுதான். சூடு போட்டது யார் என்று ஒருத்தராவது கேட்டீர்களா?

வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். முதல் வரி:

அந்த மெழுகுவர்த்திப் பட்டறையில் சுடர்கள் நடனமாடின, அவற்றின் பொன்னொளியில்...

(அடித்துவிட்டேன். பட்டறையில் சுடர் நடனமாடினால் ஓட வேண்டும். ரசித்துக்கொண்டு நிற்கக் கூடாது.)

2

வேறு தொடக்கம். ஒரு சந்துக்குள் தகரக் கூரை போட்ட பட்டறை. அடுப்பின்மேல் பெரிய அண்டா, அது நிறைய மெழுகு. தங்கை அச்சுகளில் திரி கோப்பாள், அக்கா மெழுகை மொண்டு ஊற்றுவாள். இருவருக்கும் சேர்த்து ஒரே பெண். பெற்றது அக்கா, வளர்த்ததில் பாதி தங்கை. அந்தக் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் அவள்தான். படித்தது வேதியியல்.

அண்டாவுக்கு ஒரு மூடி இருந்தது. ஆனால் மழை பெய்தால் கூரை ஓட்டை வழியாக அண்டாவுக்குள் சொட்டும், மெழுகு சடசடவென்று தெறிக்கும். கூரையை மாற்றச் சொன்னார்கள். முதலாளி அந்த மூடியையே தூக்கி ஓட்டைமேல் வைத்துவிட்டார்.

"தீந்துச்சா பிரச்சினை? மூளை வேணும்மா, மூளை!"

"ஆமா முதலாளி, அதையும் கூரைமேலதான் வச்சிருக்கீங்க" என்றாள் அக்கா.

பட்டறையே சிரித்தது. (சிரிப்பைக் காரணத்தோடுதான் வைத்தேன். அக்கா இனி இந்தக் கதையில் பேச மாட்டாள்.)

3

அவசர ஆர்டர் ஒன்று வந்தது. முதலாளி அடுப்பைக் கூட்டிவைத்துவிட்டு வெளியே போனார். அண்டா பற்றிக்கொண்டது.* அக்கா அடுப்பை அணைக்கக் குனிந்தாள். தங்கை மூடியைத் தேடவில்லை, அது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அச்சுகளைக் குளிரவைக்கும் தண்ணீர் வாளி பக்கத்தில் இருந்தது. தூக்கி ஊற்றினாள்.

தீ கூரையைத் தொட்டது. அக்காவின்

(இந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை.)

*எரிவது மெழுகுக் கட்டி இல்லை, உருகிய மெழுகும் இல்லை. உருகியது திரிவழியே ஏறி, சுடரின் சூட்டில் ஆவியாகிறது. எரிவது அந்த ஆவி. மெழுகுவர்த்தியில் இது கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதால் நாம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கலாம். அண்டாவை அளவுக்கு மேல் காய்ச்சினால் திரியே வேண்டாம், மேலே எழும் ஆவி முழுவதும் தீயாகும். மூடினால் காற்றில்லாமல் அணையும். தண்ணீர் ஊற்றினாலோ, அது மெழுகுக்கு அடியில் இறங்கி, நொடியில் நீராவியாகி, மெழுகைத் துளித்துளியாகக் காற்றில் வீசும். ஒவ்வொரு துளியும் எரியும்.

4

இந்தத் தங்கைமேல் எனக்குச் சந்தேகம் வந்தது. மழைச்சொட்டுக்கே மெழுகு தெறிப்பதைப் பார்த்தவள் வாளியோடு ஊற்றுவாளா? நம்பும்படி இல்லையே. அவளை மாற்றிவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, தீப்பிடித்துச் சில வாரம் கழித்து, அவளே அக்கா மகளின் வீட்டு வாசலுக்கு வந்தாள். இரண்டு கையிலும் கட்டு.

"உள்ள வா சித்தி."

"இருக்கட்டும். முதலாளி வந்தாருடி."

"அந்த ஆளு எதுக்கு வந்தான்?"

"தீயில யாரும் சாகலையாம். நான் ஊத்துன தண்ணியாலதான் உங்கம்மா செத்தாளாம். நாளைக்கு ஆபீசருங்க விசாரிக்க வர்றாங்க, அதை என் வாயாலயே சொல்லிடணுமாம். சொன்னா பட்டறையை மூட மாட்டாங்களாம், எல்லாருக்கும் பொழப்பு ஓடுமாம்."

பெண் வாசற்படி இறங்கி வந்தாள்.

"சொட்டு விழுந்தாலே தெறிக்கும்னு எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனா எங்கக்கா அங்க நிக்கிறா. கை என்னைக் கேட்டுட்டா வாளியைத் தூக்குச்சு?"

(சந்தேகத்தை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.)

"அவரு சொல்றது பொய்யின்னா சொல்லு, மூஞ்சியிலயே துப்பிட்டு வர்றேன். நெசம்னாலும் சொல்லிடு. நீ இதைத்தானே படிச்ச?"

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். அந்த அயோக்கியன் வாயிலிருந்து இந்தக் கதையில் வந்த ஒரே உண்மை இது. அதையும் அவன் இவள் கழுத்தை அறுக்கத்தான் எடுத்திருக்கிறான்.

5

முடிவு ஒன்று: "பொய் சித்தி." சித்தி நிமிர்ந்து போவாள். நாளை விசாரிக்க வருகிறவர்கள், ஊர் கூடி நிற்கும்போது, அறிவியல் பாடம் நடத்தி அவளை உட்கார வைப்பார்கள்.

முடிவு இரண்டு: "நெசம்தான்." சித்தி தலையாட்டிவிட்டுத் திரும்பி நடப்பாள். எங்கே போனாள் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை.

முடிவு மூன்று: "நெசம்தான், ஆனா மூடி கூரைமேல இருந்துச்சே..." சரியான விடை. பரீட்சையில் முழு மதிப்பெண். ஆனால் 'நெசம்தான்' என்று கேட்ட பிறகு சித்தியின் காதில் வேறு எதுவும் ஏறாது.

வரிசையை மாற்றிப் பார்த்தேன். "மூடியைக் கூரைமேல வச்சவன்தான் கொலைகாரன் சித்தி."

"நான் அதைக் கேக்கலடி" என்கிறாள்.

6

நான் எழுத மாட்டேன். அந்தப் பெண்ணின் வாயில் ஒரு பதிலைத் திணித்து முடித்தால், நீங்கள் "பாவம்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். அவ்வளவு சுலபமாக விட எனக்கு மனசில்லை. பெண்ணை உள்ளே அனுப்பிவிட்டேன். அவள் நின்ற இடத்தில் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள்.

சித்தி உங்களை ஏற இறங்கப் பார்க்கிறாள். முன்பின் தெரியாத முகம். இருந்தாலும் கேட்கிறாள்.

"நீங்களாவது சொல்லுங்க. நான் ஊத்தாம இருந்திருந்தா எங்கக்கா இருந்திருப்பாளா?"