மஞ்சள் கார் மெதுவாகப் போன மதியம்

1

இது கட்டுரையாக இருந்திருக்க வேண்டியது. அண்ணன்தான் போனில் கேட்டான். "மழையில ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுறதப் பத்தி ஒண்ணு எழுதேன். டயர், இடைவெளி, பிரேக், அவ்வளவுதான். படிக்கிறவன் உயிரோட வீடு போய்ச் சேருவான். நீ எழுதுற கதையால யாருக்கு என்ன லாபம்?"

சரி என்று உட்கார்ந்தேன். டயரைப் பற்றி எழுதினேன், இடைவெளியைப் பற்றி எழுதினேன். பிரேக்குக்கு வருவதற்குள் அண்ணி கட்டுரைக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு அது கட்டுரையாக இருக்க மறுத்தது.

கதையாக முதலில் எழுதிய தொடக்கம் இது:

வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. நெடுஞ்சாலையில் ஒரு மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார் சீறிப் பாய்ந்து

அங்கேயே நிறுத்திவிட்டேன். அது சீறவுமில்லை, பாயவுமில்லை. அந்த மதியம் அந்தச் சாலையில் மிக மெதுவாகப் போன வண்டி அதுதான். பால் வண்டி அதை முந்திக்கொண்டு போயிருக்கிறது. ஸ்போர்ட்ஸ் கார் என்று எழுதியதும் பேனா தானாக வேகமெடுத்துவிடுகிறது. உங்கள் மனசும் எடுத்திருக்கும். இருவருமே காலைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்வோம்.

2

அண்ணன் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். மூக்குக் கண்ணாடி. லென்ஸைத் தேய்த்து, பிரேமுக்குள் பொருத்தி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, திருப்தி இல்லாமல் மறுபடி தேய்க்கிற ஆள். ஐம்பது தாண்டிய பிறகு, வெளிநாடு போகிற யாரிடமிருந்தோ அந்த மஞ்சள் காரை வாங்கினான். இரண்டே இருக்கை. பின்னால் ஒரு பை வைக்கலாம், மனசு வைத்தால் ஒரு குடையும். சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, காரைப் பாராட்டினார்கள், அவனைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அண்ணி நீச்சல் பயிற்சியாளர். குளத்தின் அந்தக் கோடியில் இருக்கிற பிள்ளைக்குக் கேட்கும்படி கத்திக் கத்தி, சாப்பாட்டு மேசையிலும் அதே குரல்தான் வரும். உப்பு வேண்டுமென்று கேட்டால் பக்கத்து வீட்டில் எடுத்து வைப்பார்கள்.

ஒரே மகள். வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஆள் சிறிசு, வாய் காரம். அதனால் வீட்டில் அவளுக்குப் பெயர் மிளகு.

[இங்கே அண்ணனுக்கும் அண்ணிக்கும் எப்படிக் கல்யாணம் ஆனது என்று ஒரு பத்தி இருந்தது. நல்ல பத்தி. ஆனால் மிளகு ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது உங்களை அதில் உட்கார வைப்பது நியாயமில்லை.]

3

காலையில் மிளகிடமிருந்து போன் வந்தது. வயிற்றுவலி தாங்காமல் தோழிகள் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். குடல்வால் வீங்கியிருக்கிறது, வெடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும், மதியம் ஆபரேஷன்.

"அம்மா, பயமா இருக்கு."

"நீ உள்ள போறதுக்குள்ள நான் அங்க நிப்பேன்" என்றார் அண்ணி.

வீட்டுக் கார் பட்டறையில் எஞ்சின் பிரித்துப் போட்டபடி கிடந்தது. வாடகை வண்டி ஒன்றும் கிடைக்கவில்லை. மாதக்கணக்கில் வெயில் காய்ந்துவிட்டு, அன்றைக்குத்தான் முதல் மழை. கிளம்பக்கூடிய வண்டி என்று வீட்டில் இருந்தது மஞ்சள் கார் மட்டும்.

வாக்குக் கொடுத்தது அண்ணி. ஓட்ட வேண்டியது அண்ணன். இந்தக் கதையில் வில்லன் யாரும் இல்லை, இந்த ஏற்பாடுதான் வில்லன்.

4

கட்டுரையிலிருந்து தப்பிய பகுதி இது. அண்ணனுக்காக விட்டுவைக்கிறேன்.

டயரில் இருக்கிற பள்ளங்கள் அழகுக்காக இல்லை. சாலையில் நிற்கிற தண்ணீர் அவற்றின் வழியாகத்தான் வெளியேறுகிறது. வேகம் கூடினால் தண்ணீருக்கு வெளியேற நேரம் போதாது. டயருக்கும் சாலைக்கும் நடுவில் அது தங்கிவிடும். அப்புறம் வண்டி ஓடவில்லை, மிதக்கிறது. மிதக்கிற வண்டிக்கு ஸ்டியரிங் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றுதான். அகலமான டயரும் லேசான உடம்பும் உள்ள கார் காய்ந்த சாலையில் பல்லி மாதிரி ஒட்டும். தேங்கிய தண்ணீரில் மற்ற வண்டிகளுக்கு முன்னாலேயே மிதக்கும். முதல் மழை இன்னும் மோசம். வெயில் காலம் முழுக்கச் சாலையில் சொட்டிய எண்ணெயெல்லாம் அன்றைக்குத்தான் மேலே வரும்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு அண்ணன், கட்டுரையில் போட வேண்டாம் என்று சொல்லி, மிச்சத்தைச் சொன்னான்.

பின் டயர் இரண்டும் தேய்ந்திருந்தன. அவனுக்குத் தெரியும். புதுசுக்குச் சொல்லியிருந்தான், அந்த அளவு டயர் கடைக்கு இன்னும் வந்து சேரவில்லை. வரும்வரை வண்டியை வெளியே எடுப்பதில்லை என்று இருந்தான். அன்றைக்கு எடுத்தான். அண்ணியிடம் சொல்லவில்லை.

"ஏண்ணா?"

"சொன்னா ஏற மாட்டேன்னு சொல்லுவா. இல்லன்னா, பரவாயில்ல, வேகமாப் போங்கன்னு சொல்லுவா. ரெண்டுல எதச் சொன்னாலும் என்னால தாங்க முடியாதுன்னு தோணுச்சு. பேசாம மெதுவாப் போயிடலாம்னு நெனச்சேன்."

5

காருக்குள் நான் இல்லை. இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னதை ஒட்டவைத்துத்தான் எழுதுகிறேன். இந்தப் பேச்சில் மட்டும் இருவருக்கும் ஒரு வார்த்தைகூட வித்தியாசமில்லை.

"ஏங்க, எல்லாரும் நம்மளத் தாண்டிப் போறாங்க."

"போகட்டும்."

"பால் வண்டி போகுதுங்க."

"அது கனம். தண்ணிய மிதிச்சுட்டுப் போகும். இது லேசு."

வைப்பர் வேலை செய்துகொண்டிருந்தது. அண்ணன் முன்னால் போன லாரியின் சக்கரத் தடத்திலேயே போனான். அங்கே தண்ணீர் கொஞ்சம் விலகியிருக்கும். லாரிக்கும் தனக்கும் நடுவில் பெரிய இடைவெளி விட்டான். அந்த இடைவெளியில் வேறு வண்டி வந்து புகுந்தது. மறுபடி பின்வாங்கினான். ஒவ்வொரு தடவை அவன் பின்வாங்கும்போதும் அண்ணிக்கு, மகளிடமிருந்து தன்னைப் பின்னால் இழுப்பது மாதிரி இருந்ததாம்.

"இவ்ளோ பெரிய எஞ்சினை எதுக்கு வாங்கினீங்க? துடைச்சு வெக்கவா?"

அவன் வைப்பரை இன்னும் வேகமாக்கினான்.

"உங்களுக்கு வண்டிதான் முக்கியம். கீறல் விழுந்துடுமோன்னு பயம்."

என்னிடம் சொன்னான், அது இன்னும் நெஞ்சில் நிற்கிறதென்று.

அடுத்த வளைவு தாண்டி ஒரு பள்ளம். சாலையின் அகலம் முழுக்கத் தண்ணீர். அந்த மெதுவான வேகத்திலும் கார் அதன் மேல் ஏறிக்கொண்டது. ஸ்டியரிங் கையில் காகிதம் மாதிரி லேசாகிவிட்டது என்றான் அண்ணன். எஞ்சின் சத்தம் திடீரென்று மேலே போனது. பின்பக்கம் தனக்கென்று ஒரு வழி தேடிக்கொள்வது மாதிரி மெல்ல நகர்ந்தது.

அண்ணிக்கு அது என்னவென்று உடனே தெரிந்தது. "மிதக்குறது எனக்குத் தெரியாதா? கால் தரையில இல்லன்னா வயித்துல ஒண்ணு வருமே, அது."

அண்ணன் பிரேக்கைத் தொடவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்தான். கைகளை நேராகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான். டயர் சாலையைத் தொட்டது. கார் மறுபடி கார் ஆனது.

இதைப் பெரிதாக்க எனக்கு ஆசைதான். இரண்டு சுற்றுச் சுற்றி, தடுப்புச்சுவருக்கு ஒரு விரற்கடை தூரத்தில் நிறுத்தலாம். ஆனால் சரியாக ஓட்டினால் இவ்வளவுதான் நடக்கும். ஒன்றும் நடக்காது.

6

இங்கே ஒரு பகுதி எழுதி அடித்திருக்கிறேன். அதில், கொஞ்ச தூரம் போனதும் அந்தப் பால் வண்டி ஓரத்துப் பள்ளத்தில் கவிழ்ந்து கிடக்கிறது, சாலையெல்லாம் பால். அண்ணி அதைப் பார்க்கிறார், கணவனைப் பார்க்கிறார், கண் கலங்குகி

பொய். பால் வண்டி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அவர்களை முந்திய எல்லா வண்டியும் போய்ச் சேர்ந்தது. அண்ணன் செய்தது சரியென்று காட்ட அந்தச் சாலையில் ஒரு கண்ணாடிச் சில்லுகூடக் கிடக்கவில்லை. நடந்த விபத்துக்கு ஊரெல்லாம் சாட்சி வரும். நடக்காத விபத்துக்கு யார் வருவார்? ஓட்டினவன் ஒருத்தன்தான். அவன் பேச்சைக் கேட்பதற்கு அவன் மனைவியே தயாராயில்லை.

7

பள்ளம் தாண்டியதும் ஒரு பெட்ரோல் பங்க் வந்தது. அண்ணன் உள்ளே திருப்பிக் கூரைக்கு அடியில் நிறுத்தினான். மழை இப்போது சாலையே தெரியாதபடி கொட்டியது.

"கொஞ்சம் விடட்டும்" என்றான். உள்ளே போய் இரண்டு காப்பி வாங்கி வந்தான்.

திரும்பி வந்தபோது அண்ணி இருக்கையில் இருந்தார். காப்பியை வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. அதன் பிறகு ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. "அவ்ளோ கோவம்" என்றான் அண்ணன்.

மழை தணியக் காத்திருந்தபோதே தோழியிடமிருந்து போன் வந்தது. மிளகை உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

நிற்காமல் போயிருந்தால் பார்த்திருக்கலாம். இதை மழுப்பாமல் எழுதிவிடுகிறேன். பார்த்திருக்கலாம்.

8

ஆபரேஷன் நன்றாக முடிந்தது. மிளகு கண் திறந்தபோது இருவரும் பக்கத்தில் நின்றார்கள்.

"மஞ்சக் கார்லயா வந்தீங்க?" என்றாள் மயக்கத்தோடு. "அப்பா அதை மழையில எடுத்தாரா? அப்போ எனக்கு நெஜமாவே ஏதோ பெருசா வந்துருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவளே, குறையாக இல்லாமல், சும்மா சொன்னாள்: "உள்ள போறப்ப உன்னத் தேடினேம்மா. அப்புறம் நர்ஸ் கையப் பிடிச்சுக்கிட்டேன்."

அண்ணி அன்றைக்குப் பிறகு அந்தக் காரில் ஏறவில்லை. அண்ணன் நான்கு டயரையும் மாற்றினான். அதையும் வீட்டில் சொல்லவில்லை.

9

சில வாரம் கழித்து அண்ணி குளத்திலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். தலையில் ஈரம் காயவில்லை. சமையலறையில் நின்றபடி, நான் கேட்காமலே சொன்னார்.

"நான் கோவத்துல பேசாம இருந்தேன்னுதானே உங்கண்ணன் சொன்னார்?"

"ஆமா அண்ணி."

"அவர் காப்பி வாங்கப் போனப்ப, காலை நீட்டலாம்னு எறங்கினேன். பள்ளத்துல பின்பக்கம் நகர்ந்தது நெனப்புக்கு வந்துச்சு. வண்டிக்குப் பின்னால போய் டயரைத் தடவிப் பார்த்தேன். உள்பக்கமெல்லாம் வழவழன்னு இருக்கு. நான் என் பிள்ளைங்கள ஓடக்கூடாதுன்னு கத்துவேனே, குளத்தோரம் ஈரத் தரை, அந்த மாதிரி."

முதல் தடவையாக அவர் குரல் எனக்கு மட்டும் கேட்கிற அளவில் இருந்தது.

"அந்த டயரை வெச்சுக்கிட்டுத்தான் அவ்ளோ தூரம் கொண்டுவந்துருக்கார். நான் அவரக் கீறல் அது இதுன்னு... என்ன பேசுறது அதுக்கப்புறம்?"

"அண்ணன்கிட்ட கேட்டிருக்கலாமே, ஏன் சொல்லலன்னு."

"கேட்டா, 'சொல்லியிருந்தா ஏறியிருப்பியா'ன்னு கேப்பார்." தலையைத் துவட்ட ஆரம்பித்து, நிறுத்தினார். "ஏறியிருப்பேன். ஏறி, வேகமாப் போங்கன்னும் சொல்லியிருப்பேன். அத அவருக்குத் தெரியவிட எனக்கு மனசில்ல."

10

அண்ணனுக்கு ஏற்கனவே தெரியும், அண்ணி. அதனால்தான் சொல்லவில்லை.

மேலே இருக்கிற வரியை அன்றைக்குச் சமையலறையிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது என் வாயால் வர வேண்டியதில்லை என்று நினைத்தேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் எழுதிவிட்டேன்.

முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அண்ணி ஒரு மழை நாளில் தானே போய் மஞ்சள் காரில் ஏறிக்கொள்கிறார். சினிமா. இன்னொன்றில் அண்ணன் காரை விற்றுவிடுகிறான். அதை எழுதிய மறுநிமிஷமே அவனிடம் மன்னிப்புக் கேட்கத் தோன்றியது. மூன்றாவதில் இருவரும் ஒன்றும் பேசாமல் காலம் போய்விடுகிறது. நிறைய வீடுகளில் நடப்பது அதுதான், அதனாலேயே அதற்கு இடம் கொடுக்க மாட்டேன்.

நாளைக்கு இருவரையும் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறேன். சாப்பிட்டு முடித்ததும் கட்டுரை தயார் என்று சொல்லி இதை எடுத்து வாசிக்கப் போகிறேன். நான்காம் பகுதியில் அண்ணி நிமிர்ந்து பார்ப்பார். ஒன்பதாம் பகுதியில் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பான், அதில் தூசி இல்லாவிட்டாலும். இந்த இரண்டும் எனக்கு நிச்சயம். அதற்கு மேல் தெரியாது, தெரிந்ததாக எழுதவும் மாட்டேன். இவர்களை இப்போது நீங்களும் என் அளவுக்கு அறிவீர்கள். யார் முதலில் வாய் திறப்பார், என்ன சொல்வார் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

நான் வாசிக்க வேண்டியது இந்த வரியோடு முடிகிறது. இனி தாளை மடித்து வைத்துவிட்டு, பாத்திரம் கழுவ எழுந்து போய்விடுவேன்.