கேட்டால் மட்டும்

சிங்கப்பூர் பஃபலோ ரோட்டில் ஒன்பதாவது மாடியில் கோவிந்தராசுவின் வீடு. பக்கத்து பிளாக்கில் இதே அளவு வீடு போன மாதம் ஆறு லட்சத்து நாற்பதாயிரம் வெள்ளிக்குப் போனது. "மார்க்கெட் மதிப்பு இதான் அங்கிள்" என்று ஏஜண்ட் அஃப்ரீன் சொல்லியிருந்தாள். ஆனால் நான்கு மாதமாக வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். இங்கே யாராவது இறந்திருக்கிறார்களா? பதிலைக் கேட்டதும் லிஃப்டைத் தேடிப் போனார்கள், அல்லது அறுபது எழுபதாயிரம் குறைத்துக் கேட்டார்கள்.

மகள் சுஷ்மிதா இறந்து ஒன்றரை வருடம். தூக்கத்திலேயே வலிப்பு வந்தது. அன்றிலிருந்து மனைவி பஞ்சவர்ணம் தீவின் வடக்கே ஈசூனில் தங்கை வீட்டில் இருக்கிறாள். இந்த வாசலை மிதிப்பதில்லை. ஆறு நாற்பது கிடைத்தால், கடனெல்லாம் போக, ஈசூனிலேயே சின்னதாக ஒரு வீடு வாங்கலாம். இருவரும் மறுபடியும் சேர்ந்து இருக்கலாம். குறைந்தால் முடியாது.

சனிக்கிழமை காலை அஃப்ரீன் ஒரு கோயம்புத்தூர் தம்பதியை அழைத்து வந்தாள். ஸ்ரீராம், வைதேகி. சிங்கப்பூர் வந்து ஆறு வருடமாகிறதாம். உள்ளே வரும்போது அஃப்ரீன் கோவிந்தராசுவின் காதருகே சொன்னாள்: "கேட்டா நான் உண்மையத்தான் சொல்லணும் அங்கிள், லைசென்ஸ் போயிடும். கேக்கலைனா நாம ஏன் வாயத் திறக்கணும், ஓகே லா?"

ஸ்ரீராம் கைப்பேசியில் திசை பார்த்தான். "கிழக்கு பாத்த வாசல். இனி உங்கம்மா ஒண்ணும் சொல்ல முடியாது."

"எங்கம்மாவா? வாஸ்து புக்கோட அலையறது உங்கம்மா."

சிரித்துக்கொண்டே வைதேகி சின்ன அறைக்குள் போனாள். வெளிர்பச்சைச் சுவரைத் தடவினாள். "விலை ஓகே அங்கிள், பேரம் பேசவே மனசு வரல. இது யாரோட ரூம்?"

"மகளோடது."

"கல்யாணமாகிப் போயாச்சா?"

அஃப்ரீன் ஜன்னல் வழியே கீழே தேக்கா சந்தையின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு கணத்தில் கோவிந்தராசு மகளுக்குக் கல்யாணம் செய்து முடித்தார். கோயிலில் மாலை மாற்றி, வேறெங்கோ ஒரு வீடு, ஞாயிற்றுக்கிழமைகளில் அவளிடமிருந்து தொலைபேசி. தலை தானாக அசைந்தது.

"இப்ப எங்க இருக்காங்க?"

அவரால் ஓர் ஊர்ப்பெயர் சொல்ல முடியவில்லை. தெரியாத ஊரில் அவளைத் தனியாக விட்டுவிட்டு வருவதைப்போல இருந்தது.

"இல்லம்மா. கல்யாணம் ஆகல. இந்த ரூம்லதான், தூக்கத்துல போயிட்டா. சுஷ்மிதான்னு பேரு. இருபத்திரண்டு வயசு."

வைதேகி சுவரிலிருந்து கையை எடுத்தாள். எடுத்ததற்கு வெட்கப்பட்டு மறுபடி வைக்கப் போனாள். வைக்கவில்லை.

மாலையில் அஃப்ரீன் அழைத்தாள். "அஞ்சு எழுபத்தஞ்சு தர்றாங்களாம் அங்கிள். மதிப்பு போடறவர் வந்தா ஆறு நாப்பதுன்னுதான் எழுதுவார். அவருக்கு இது வெறும் வீடு. நீங்க ஏன் அங்கிள்..."

பிறகு அவர் மனைவியை அழைத்தார்.

"கேட்டாங்களா?" என்றாள் பஞ்சவர்ணம்.

"அதக் கேக்கல. நானே சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் தங்கை வீட்டுத் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப நான் இங்கயேதான்."

"ம்."

"பேரச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"சரி. சாப்பிடுங்க" என்று வைத்துவிட்டாள்.