கத்திச் சொல்ல முடியாத சேதி

உலகத்தில் நேற்று என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள அந்தத் தெருவில் யாரும் பேப்பர் வாங்க வேண்டியதில்லை. ரேடியோ அத்தையின் வாசலைக் கடந்து நடந்தால் போதும். எந்தக் கடலில் கப்பல் தரைதட்டி நிற்கிறது, எந்த நாட்டில் மந்திரிசபை கவிழ்ந்தது, எந்த விண்கல் பூமிமேல் விழுகிறேன் பேர்வழி என்று பயமுறுத்திவிட்டு விலகிப் போகிறது, எல்லாம் நின்ற இடத்தில் கிடைக்கும். வேண்டாம் என்றாலும் கிடைக்கும். எதிர்வீட்டுக்காரர் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாலும் தலைப்புச் செய்திகள் அவர் கட்டில்வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

குரல் அப்படி. காது மந்தமானவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு பிடிபடாது. அதை அவளிடம் எடுத்துச் சொல்ல யாருக்கும் துணிச்சல் வந்ததில்லை. செவிடன் காதில் ஊதிய சங்கு என்ற பழமொழி அந்த வீட்டில் தடை செய்யப்பட்ட சரக்கு.

அத்தை இருபத்தாறு வருஷம் கண்ணாடிப் பாட்டில் கம்பெனியில் வேலை பார்த்தவள். வெளிச்சம் போட்ட பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, வரிசையாக ஓடிவரும் பாட்டில்களில் குமிழி, கீறல், கோணல் இருந்தால் கண்ணால் பிடித்துத் தூக்கிப் போடும் வேலை. ஆயிரம் பாட்டில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு வரும் அந்தச் சத்தத்தில்தான் தன் காது போனது என்பது அவள் கட்சி. அறுபத்திரண்டு வயதுவரை அந்தக் கட்சியை விட்டு அவள் மாறவில்லை.

கருவிகள் என்றால் அவளுக்கு உயிர். வாசல் மணியை அழுத்தினால் கூடத்தில் ஒரு நீல விளக்கு மின்னும். காலையில் எழுப்ப, தலையணைக்கு அடியில் ஒரு வட்டப் பெட்டி கிடந்து குலுங்கும். செய்தி வந்தால் கையில் கட்டிய வாட்ச் நறுக்கென்று அதிரும். டிவியில் பேசுவதெல்லாம் எழுத்தாக ஓடும். புதிதாக ஒன்று கடைக்கு வந்தால் வாங்குகிறாளோ இல்லையோ, அதைப் பற்றி ஒரு வரி விடாமல் படித்துவிடுவாள். படித்ததை யார் தலையிலாவது கட்டாமல் அவளுக்குப் பொழுது போகாது. ஆனால் காதில் மாட்டும் கருவியை மட்டும் எட்டு வருஷமாகத் தள்ளிப்போட்டாள். மற்றதெல்லாம் வசதி, அதை மாட்டினால் குறையை ஒப்புக்கொண்ட மாதிரி என்று ஒரு வீம்பு.

மூன்று வாரத்துக்கு முன்னால்தான் மனசு இறங்கினாள். கணவர் போன பிறகு வீட்டில் அவளும் மகளும்தான். மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒரு நாள் லீவு போட்டு அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். காது சோதிக்கிற பெண் நீட்டிய படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. குடும்பத்தில் வேறு யாருக்காவது கேட்கும் குறை உண்டா? அத்தை சற்றும் யோசிக்காமல் 'இல்லை' என்று டிக் அடித்தாள்.

மகள் எட்டிப் பார்த்து, "தாத்தாவுக்கு?" என்று கேட்டாள்.

"அவரு கல்லு உடைக்கிற எடத்துல வேலை பார்த்தவர்டி. அது மெஷின் சத்தம். குடும்பத்துல சேராது."

மகள் அதற்குமேல் பேசவில்லை. அவள் ஏன் பேசவில்லை என்று அத்தையும் யோசிக்கவில்லை.

அந்த அப்பாவைப் பற்றி அத்தை அதிகம் நினைப்பதில்லை. நினைத்தால் ஒரு இடத்தில் முள் குத்தும். கடைசி ஏழெட்டு வருஷம் அவருக்குச் சுத்தமாகக் கேட்காது. யாரும் அவரை மரியாதைக் குறைவாக நடத்தவில்லை, வேளாவேளைக்குக் கவனித்தார்கள். சாப்பிட வாங்க, மாத்திரை போட்டீங்களா, மழை வருது உள்ள வாங்க. இதெல்லாம் அவருக்குப் போய்ச் சேர்ந்தது, ஏனென்றால் இதையெல்லாம் கத்திச் சொல்லலாம். மெதுவாகச் சொல்ல வேண்டியது எதுவும் போகவில்லை. யாருக்கு யார்மேல் வருத்தம், யாருக்கு என்ன வியாதி, யார் மனசில் என்ன ஆசை, ஒன்றும் அவருக்குத் தெரியாது. தூரத்தில் இருந்த அவருடைய சொந்தத் தங்கை இறந்த சேதிகூட எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. சாவுச் சேதியைத் தொண்டை கிழிய எப்படிக் கத்துவது? எழுதிக் காட்டியிருக்கலாம், அதற்கும் யாருக்கும் கை வரவில்லை. அப்புறம் சொல்லிக்கலாம் என்று ஆளாளுக்குத் தள்ளிப்போட்டார்கள். அந்த வார்த்தையை முதலில் சொன்னவள் அத்தைதான்.

இந்தக் கதை நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அத்தையின் தம்பி வந்திருந்தான். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், ஞாயிறு தவறாமல் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் அத்தை தன் புதுக் காதுக் கருவியின் வித்தை ஒன்றை ஆரம்பித்தாள். செல்போனை டிவிக்குப் பக்கத்தில் வைத்து ஒரு பொத்தானைத் தட்டினால், போனுக்குக் கேட்பதெல்லாம் நேராக அவள் காதுக்குள் வந்துவிடும். அடுத்த அறைக்குப் போனாலும் வரும். போனை டிவி அலமாரியில் வைத்துவிட்டு, பின்னறையில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே செய்தி கேட்டாள். புயல் எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல வருகிற நேரத்தில் சத்தம் பட்டென்று நின்றது. யாரோ டிவியை அணைத்துவிட்டார்கள். யாரடா அது என்று கேட்க எழுந்தவள், அடுத்த குரலைக் கேட்டு அப்படியே உட்கார்ந்தாள்.

"மாமா, ஒரு விஷயம். அம்மாவுக்குத் தெரிய வேணாம்."

மகளின் குரல், ஆனால் கத்தாத குரல். அதைக் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது! தன் மகளுக்கு இவ்வளவு மென்மையான குரல் என்பதே அத்தைக்கு மறந்துபோயிருந்தது.

"என்னம்மா?" என்றான் தம்பி.

"எனக்கும் ஆரம்பிச்சிடுச்சு மாமா. வலது காது கிட்டத்தட்ட போயிடுச்சு, இப்ப இடதும் கொறையுது. ரெண்டு மாசமா பிரஷர் பாக்கறப்போ ஸ்டெத்துல அந்தத் துடிப்பு சரியா பிடிபட மாட்டேங்குது. போன வாரம் ஒரு பெரியவருக்குத் தப்பா எழுதிட்டேன். நல்ல வேளை, சீனியர் அக்கா மறுபடி பாத்தாங்க. அவருக்கு ஒண்ணும் ஆகல."

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"தாத்தா, அம்மா, இப்ப நான். இதுக்கு டாக்டர் வேற வந்து சொல்லணுமா? லெட்டர் எழுதி வச்சிட்டேன். நாளைக்குக் குடுத்துட்டு வேலைய விடப் போறேன். யாருக்காவது ஏதாவது ஆகறதுக்கு முன்னாடி."

தம்பி, "குடும்பமே அப்படின்னு சொல்லிடாத. எனக்குக்கூட இடது பக்கம் கொஞ்சம் மந்தம்தான். அது வேன்ல பசங்க போடற கூச்சல்" என்றான்.

"மாமா!"

"சரி, சரி. மொதல்ல உங்கம்மாகிட்ட சொல்லு."

"எப்படிச் சொல்றது? இதப் போய்க் கத்திச் சொல்ல முடியுமா? மெசேஜ்ல அனுப்பற விஷயமா இது? மெதுவா சொன்னா என்ன, என்னன்னு நாலு தடவ கேப்பா. நாலாவது தடவ எனக்கு அழுகை வந்துடும். அதோட, தன்கிட்ட இருந்து வந்ததுன்னு தெரிஞ்சா நொறுங்கிடுவா. வேணாம் மாமா. அப்புறம் சொல்லிக்கலாம்."

அத்தையின் கையில் மகளின் வெள்ளைச் சீருடை பாதி மடித்தபடி இருந்தது. முதலில் வந்தது கோபம்தான். பெற்றவள் குத்துக்கல் மாதிரி இங்கே இருக்கும்போது சேதி தம்பிக்குப் போகிறதா? அந்தக் கோபம் ஒரு துண்டு மடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை. அப்புறம் சொல்லிக்கலாம் என்ற வார்த்தை வந்து அதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டது. அடுப்படியில் என்ன சமையல் என்பது தெரியும், கடலுக்கு அப்பால் என்ன சண்டை என்பது தெரியும், பக்கத்து அறையில் படுக்கிற பெண் இரண்டு மாதமாகப் பயந்து சாகிறாள் என்பது மட்டும் தெரியாது. அப்பா உட்கார்ந்திருந்த அதே நாற்காலிக்கு அவளும் வந்து சேர்ந்துவிட்டாள்.

அப்பா கல் உடைக்கும் இடத்தில் வேலை பார்த்தது உண்மைதான். ஆனால் மெஷினிலிருந்து எங்கேயோ தள்ளியிருந்த ஆபீஸ் அறையில், மின்விசிறிக்குக் கீழே, வருகைப் பதிவேடு எழுதிக்கொண்டு. மெஷின் பக்கத்திலேயே நின்றவர்கள் எண்பது வயதிலும் அடுத்த வீட்டுச் சண்டையை ரசித்துக் கேட்டார்கள். பாட்டில் கம்பெனியில் பக்கத்து ஸ்டூலில் இருபத்தாறு வருஷம் இருந்தவளுக்கு இன்றைக்கும் குசுகுசுவென்று பேசினாலும் காது கேட்கும். இதெல்லாம் அத்தைக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஓடுகிற பாட்டிலில் மயிரிழைக் கீறலைப் பிடித்த கண், சொந்த வீட்டுக் கீறலைப் பார்க்காத மாதிரியே இத்தனை காலம் இருந்துவிட்டது.

சட்டென்று இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஸ்டெதாஸ்கோப்பிலேயே ஒரு புது வகை வந்திருப்பதாக எப்போதோ படித்திருந்தாள். துடிப்பைப் பெரிசாக்கி, போன் செய்கிற மாதிரியே நேராகக் காதுக் கருவிக்குள் அனுப்பிவிடுமாம். அவளுக்கு நாக்கு துடித்தது. ஓடிப்போய் அறிவித்துவிட வேண்டும். சீருடையைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டாள். கதவருகே வந்ததும் நின்றாள். இந்த வீட்டில் சேதி சொல்ல ஆள் இல்லாமலா போயிற்று? கேட்கத்தான் ஆள் இல்லை. வாயை இறுக்க மூடிக்கொண்டு கூடத்துக்கு நடந்தாள்.

அவளைக் கண்டதும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். அத்தை அலமாரியிலிருந்த போனை எடுத்து, அவர்கள் பார்க்கவே பொத்தானை அணைத்தாள்.

"இது ஆன்ல இருந்துச்சு" என்றாள்.

தம்பிக்கு உடனே புரிந்துவிட்டது. "வண்டிய வெயில்ல நிறுத்திட்டேன்" என்று எழுந்தான். வாசல்வரை போனவனுக்கு முடிவு தெரியாமல் போக மனசில்லை, நிலைப்படியிலேயே நின்றுகொண்டான்.

"எவ்ளோ கேட்ட?" என்றாள் மகள்.

"டிவிய நீ நிறுத்தினதுல இருந்து."

மகளின் முகம் சிவந்தது. "ஒட்டுக் கேட்டியா? தப்பா தெரியல உனக்கு?"

"தப்புதான். மொத வார்த்தையிலயே கழட்டி வச்சிருக்கணும். கழட்டல."

சொன்ன வார்த்தை சுவரில் மோதித் திரும்பிவந்தது. தன் குரல் எவ்வளவு பெரிசு என்பது கருவி வழியாக அப்போதுதான் அத்தைக்கு உறைத்தது. குரலைப் பாதியாக்கினாள். அதையும் பாதியாக்கினாள். எதிர்வீட்டுக்காரர் அன்றைக்கு நிச்சயம் ஏமாந்துபோயிருப்பார்.

"பாட்டில் கம்பெனி ஒண்ணும் பண்ணலடி. எங்கப்பாவையும் கல்லு மெஷின் ஒண்ணும் பண்ணல. இது நம்ம வீட்டுக் காது. எனக்கு ரொம்ப நாளா தெரியும். வாயத் தொறந்து சொன்னா உனக்கும் வந்துடுமோன்னு பயம். சொல்லாம இருந்தா வராதுன்னு ஒரு மடத்தனம். காத உனக்குக் குடுத்தது என் தப்பு இல்ல. அத மறைச்சு உன்னத் தனியா பயப்பட விட்டேனே, அது என் தப்பு."

மகள் அழுதாள். அத்தையும் அழுதாள். நொறுங்கவில்லை, அழுதாள், அவ்வளவுதான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு மகளுக்கு எதிரில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லு" என்றாள்.

"அதான் எல்லாம் கேட்டுட்டியே. இனிமே சொல்றதுக்கு என்ன இருக்கு?"

"நான் கேட்டது நீ மாமாகிட்ட சொன்னது. எங்கிட்ட நீ இன்னும் ஒண்ணும் சொல்லல."

மகள் அம்மாவை ஒரு கணம் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு மாசத்துக்கு முன்னாடி!" என்று பழக்க தோஷத்தில் கத்தினாள். அத்தை உள்ளங்கையைக் காட்டி, "மெதுவா" என்றாள். மகள் மெதுவாக, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

இரண்டு இடத்தில் அத்தைக்கு வார்த்தை நழுவியது. "அந்த எடத்த மட்டும் திரும்பச் சொல்லு" என்று கேட்டாள். மகள் அலுத்துக்கொள்ளாமல் திரும்பச் சொன்னாள். மாமாவிடம் சொல்லாததும் அதில் வந்தது.

"மத்தியானம் நீ கண்ணசந்திருந்தப்போ ஒரு நாள் உன் நெஞ்சு மேல ஸ்டெத்த வச்சுப் பாத்தேன்மா. இடது காத மூடிக்கிட்டு. வலது காதுல உன் துடிப்பு வரவே இல்ல."

அத்தை மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ரேடியோ என்று பேர் வாங்கியவள் அரை மணி நேரம் அந்த இரண்டு தடவை தவிர வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததை, சாட்சியாகத் தம்பி நிலைப்படியில் நின்று பார்த்திருக்காவிட்டால் யாரும் நம்பமாட்டார்கள்.

சொல்லி முடித்ததும் மகள், "இப்ப என்னம்மா பண்றது?" என்று கேட்டாள்.

அப்போதுதான் அத்தை அந்த ஸ்டெதாஸ்கோப்பைப் பற்றிச் சொன்னாள். காதுக் கருவியோடு அது எப்படிச் சேரும், எதற்கும் முதலில் காதைச் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றது, நர்ஸ் வேலைக்கு இதனால் என்ன தடை என்று ஆஸ்பத்திரியிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், எல்லாம் சொன்னாள். மகள் இரண்டு மூன்று கேள்வி கேட்டாள். கேட்கக் கேட்க, இரண்டு மாதமாக இறுகியிருந்த அவள் தோள்கள் கொஞ்சம் தளர்ந்தன.

"லெட்டர் நாளைக்குக் குடுக்கல. நாளைக்குக் காது டெஸ்டுக்குப் போறேன். அதுவரைக்கும் சீனியர் அக்காகிட்ட சொல்லி பிரஷர் பாக்கற வேலைய மாத்திக்கறேன்" என்றாள். பிறகு ஏதோ தோன்றி, "இந்த ஸ்டெத் விஷயம் உனக்கு எப்ப ஞாபகம் வந்துச்சு?" என்று கேட்டாள்.

"பின்னறையில துணி மடிக்கும்போதே."

"இவ்ளோ நேரம் சொல்லாம இருந்தியா? நீயா?"

"நீ முடிக்கட்டும்னு இருந்தேன்."

மகளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அடங்கியதும் தன் நாற்காலியை இழுத்து, முழங்கால் இடிக்கிற அளவுக்கு அம்மாவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"அம்மா, உங்கிட்ட சொல்லாம விட்டது இன்னும் நெறைய இருக்கு. நாலஞ்சு வருஷத்துது. சிலதுக்கு நீ கோவப்படுவ."

"கோவம் வந்தா வரட்டும். சொல்லு" என்றாள் அத்தை.

மகள் குரலை உயர்த்தாமல் சொல்லத் தொடங்கினாள்.